நாற்பத்தொன்று ஆ

வருத்தக்காரனுக்கு 41 அ.
எனக்கு 41 ஆ.
ஒரே வயது, உரும்பிராயில் ஒரே ஒழுங்கை,
வேலிக்கு நடுவில் ஒரே பங்குக்கிணறு.
தலைக்குள் ஒன்றும் இல்லாதவன் என்று
ஒப்பிட்டுப் பார்க்க என்னைத் தெரிந்தெடுத்திருக்கிறார்கள்.
மனுசி சிரித்தாள்:
'அது எனக்கு எப்பவோ தெரியும்.'

மருத்துவ பீடத்துப் பிள்ளை, பேர் அபிநிதா,
ஸ்கூட்டியைப் பூவரசு நிழலில் விட்டுவிட்டு
பதினாறு பக்கம் விரித்தாள்.
கருவாடு கிழமைக்கு எத்தனை தரம்?
தகரத்து மீன்? சொசேஜ்?
ஒருக்கால் பொரித்த எண்ணெயில்
மறுபடி பொரிக்கிறதுண்டோ?
கீரை? எந்தக் கீரை?
குடிக்கத் தண்ணி எங்கே அள்ளுறீங்கள்?

எனக்கு என்ன நினைவிருக்கும்.
போட்டதைத் தின்றவன்.
கிழமைக்கு ஒன்று எண்டு போடும் பிள்ளை.
இல்லை, ரெண்டு.
சரி, உமக்கு விருப்பமானதைப் போடும்.
இருபத்தைந்து நிமிடத்தில்
ஐம்பத்துமூன்று வருசச் சாப்பாடு முடிந்துவிட்டது.

அங்கால்பக்கம், குகதாசனின் மனுசி பூபதி
மூன்று மணித்தியாலம் சொன்னாளாம்.
வருசத்துக்கு முதல்நாள் வாங்கிய கட்டாக் கருவாடு,
அது மழையில் நனைந்து திரும்பக் காய்ந்தது.
மகளின் சாமத்தியவீட்டில் மிஞ்சிய இறைச்சியை
மூன்று நாள் சூடாக்கிச் சூடாக்கிக் கொடுத்தது.
வெங்காயத்துக்கு யூரியா எறிந்த கையோடு
அவன் வரம்பில் குந்தியிருந்து பாண் பிய்த்தது,
கையைக் கழுவுங்கோ என்று
அன்றைக்கு மட்டும் அவள் சொல்லாமல் விட்டது.
ஸ்கான் எடுத்த நாளிலிருந்து
இருபத்தெட்டு வருசச் சட்டிகளையும்
திரும்ப எடுத்து உரஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

இதுக்கு ஒரு பேர் இருக்காம். பிள்ளைதான் சொன்னாள்.
வருத்தம் வந்த வீடு எல்லாத்தையும் நினைவில் வைக்கும்,
வராத வீடு மறந்துவிடும்,
அந்த இடத்தில் கணக்குச் சரிந்துபோகும்.

'அப்ப கருவாட்டாலயோ, தங்கச்சி?'
'அப்பிடிச் சொல்ல ஏலாது அன்ரி.'
'தண்ணியாலயோ?'
'இன்னும் ஒருத்தருக்கும் வடிவாத் தெரியாது.'
'என்னாலயோ?'
அந்தக் கேள்வி
பதினாறு பக்கத்திலும் இல்லை.

பின்னேரம் வேலிப்பொட்டுக்குள்ளால் ஒரு பை வந்தது.
கருவாடு, ஒரு போத்தல் மோர்மிளகாய், பிரிக்காத சொசேஜ்.
'எறியப்போறன். உங்களுக்கு வேணுமெண்டால்...'
சொல்லிவிட்டு வாயைப் பொத்தினாள்.
வாங்கினேன்.
வேண்டாம் என்றால், நீதான் என்று சொன்னமாதிரி.

இரவு முழுக்கப் பை குசினியில் கிடந்தது.
மனுசி அதைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.
பையை எறியலாம்.
கிணற்றை எந்தப் பையில் கட்டி
எங்கே கொண்டுபோய் எறிகிறது?
சனிக்கிழமை மத்தியானம்
இருவரும் ஒன்றும் பேசாமல் பொரித்தோம்.
யன்னலைச் சாத்திவிட்டு,
களவாய் எடுத்த சாமான் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன்.
மழித்த தலையில் இருபத்தாறு தையல்,
புதிதாய் வரம்பு கட்டின துண்டுக்காணி.
முன்னால் அவித்த பூசணி, உப்பில்லாமல்.
'டேய், நேற்று மத்தியானம் எனக்குக்
கருவாடு பொரிக்கிற மணம் வந்தது' என்றான்.

பூபதியின் கை அகப்பையோடு நின்றது.
அவனுக்கு வருத்தம் தொடங்கினதே அப்படித்தான்:
ஆறு மாசமாய் எங்கேயோ றப்பர் கருகுது என்பான்.
வீடு முழுக்கத் தேடுவாள், ஒன்றும் கருகியிருக்காது.
வெட்டி எடுத்த பிறகுதான் அந்த மணம் நின்றது.

அவள் என்னைப் பார்த்தாள்.
அப்படிப் பார்த்தவளுக்குப் பொய் சொல்ல ஏலாது.
'நாங்கள்தான்' என்றேன்.
'நேற்று. நீங்கள் தந்த கருவாடு. பொரிச்சனாங்கள்.'

கதிரையில் இருந்துவிட்டாள்.
அவள் விட்ட மூச்சில்
பூசணியின் ஆவி ஒருபக்கம் சாய்ந்தது.
'உண்மையாப் பொரிச்சனீங்களோ?'
'உண்மையா.'
'மணம் வந்ததுதானே?'
'ஒழுங்கை முழுக்க வந்தது.'

குகதாசன் பூசணியைத் தள்ளிவைத்துவிட்டு
என்னிடம் கேட்டான்:
'எத்தனை துண்டு தின்டனி?'

மூன்று.
இந்த ஒருமுறை எனக்கு
வடிவாய் நினைவிருந்தது.